வல்கந்தையில் வெற்றிடம் இல்லை

1984ஆம் வருஷத்தில், இலங்கையில் ஒரு பதவிகூடக் காலியாக இல்லாத ஆஸ்பத்திரி எது என்று யாராவது கேட்டிருந்தால், சுகாதாரத் திணைக்களம் யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கும்: மாத்தளை மாவட்டம், வல்கந்தை மத்திய மருந்தகமும் மகப்பேற்று விடுதியும். ரத்தோட்டையிலிருந்து ஒன்பது மைல் மேலே, தேயிலை முடிந்து ஏலக்காய் தொடங்குகிற இடத்தில், இதற்குமேல் என்னால் ஆகாது என்று பஸ் திரும்பிப் போகிற முடக்கில் அது இருந்தது. தகரக் கூரை, நாலு பிரசவக் கட்டில், ஒரு மருந்து ஜன்னல், அங்கீகரிக்கப்பட்ட பதவிகள் பதினொன்று. பதினொன்றும் நிரம்பியிருந்தன. நிரம்பிய பதவிகளில் ஆளைத் தேடுகிற கெட்ட பழக்கம் நோயாளிகளுக்கு மட்டும்தான் இருந்தது.

ஆட்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் ‘இணைப்பில்’ இருந்தார்கள். இணைப்பு என்பது அரசாங்கம் கண்டுபிடித்த அருமையான ஏற்பாடு. பதவி வல்கந்தையில் இருக்கும், ஆள் தனக்குப் பிடித்த ஊரில் இருப்பார். வல்கந்தை டாக்டர் கொழும்பில், கிராமங்களில் டாக்டர்கள் ஏன் தங்குவதில்லை என்று ஆராய்கிற குழுவில் இணைக்கப்பட்டிருந்தார். ஆறு வருஷமாக ஆராய்ந்தும் அவருக்குக் காரணம் பிடிபடவில்லை. தாதிகள் இருவரில் ஒருவர் சம்பளமில்லா விடுமுறையில் சவூதியில். மற்றவர், அப்படிச் சவூதி போகிறவர்களின் விடுமுறை மனுக்களைப் பார்க்கிற மேசையில். காவலாளி ஈட்டி எறிவதில் சூரன் என்பதால் திணைக்கள விளையாட்டு அணியில் இருந்தான். சமையற்காரர் ஒரு பெரிய அதிகாரியின் குசினியில் இருந்தார். சிற்றூழியர்கள் இரண்டு பேர் அதே அதிகாரி கட்டுகிற புது வீட்டுக்கு மணல் சுமந்தார்கள். அம்புலன்ஸ் டிரைவர் அம்புலன்ஸோடு போயிருந்தார். சரியாகச் சொன்னால் முதலில் இணைப்பில் போனது அம்புலன்ஸ்தான். எழுதுவினைஞர் மட்டும் இணைப்பில் இல்லை, அவர் சுகவீன விடுமுறையில் தம்புள்ளையில் வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தார். மருத்துவிச்சி சந்திரகாந்தா 1973இல் நியமனம் பெற்று வந்து, பதினொரு நாள் வல்கந்தைக் குளிரை அனுபவித்துவிட்டு, கொழும்புத் தலைமையகத்தின் டெலிபோன் அறைக்கு இணைப்பில் போய்விட்டார்.

மிஞ்சியவர் மருந்து கலக்குகிற மக்கீன் ஒருவர்தான். அவர் போகாததற்குக் கடமையுணர்ச்சி காரணமல்ல, சிபாரிசுக்கு ஆள் இல்லை. இதை அவரே எல்லாரிடமும் சொல்வார்.

அப்படியானால் அந்த நாலு கட்டிலில் மாதம் பத்துப் பன்னிரண்டு பிரசவங்களை யார் பார்த்தது? மேல் டிவிசன் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து காலை ஆறு மணிக்கு இறங்கி வருகிற சுந்தரம்மா பார்த்தாள். பழைய மருத்துவிச்சி ஓய்வு பெறும்வரை ஆறு வருஷம் அவரோடு கூட நின்று வேலையைக் கையில் ஏற்றிக்கொண்டவள். தலை திரும்பாத பிள்ளையைத் திருப்பத் தெரியும். எந்தக் கேஸைத் தன்னால் முடியாது என்று லொறி பிடித்து மாத்தளைக்கு அனுப்பவேண்டும் என்பதும் தெரியும், அது அதைவிடப் பெரிய படிப்பு. போன வருஷம் ஆடி மாதம் தமிழருக்கு எதிரான கலவரத்தில் மாத்தளைக் கடைத்தெரு எரிந்து, பஸ் நின்று, லயத்துச் சனம் ஏலக்காய்க் காட்டுக்குள் ஒளிந்திருந்த கிழமையிலும் அவள் வந்தாள். கீழ்க் கிராமத்திலிருந்து வந்த இரண்டு சிங்களப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்து முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, மறுபடி ஒளிந்துகொள்ளப் போனாள்.

சுந்தரம்மா அரசாங்க ஊழியர் அல்ல. அவளால் ஆகவும் முடியாது, ஏனென்றால் அவளுக்கு நாடு இல்லை. இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த தோட்டத்துச் சனத்தில் பாதிப் பேரைப் போல அவளும் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டு, இந்தியாவா இலங்கையா என்று இரண்டு அரசாங்கங்களும் முடிவு செய்வதற்காக இருபது வருஷமாகக் காத்திருந்தாள். 1973இல் கணக்காய்வுக்கு வந்த ஒருவர், இந்தப் பெண் எந்த அதிகாரத்தில் இந்த வளவுக்குள் நிற்கிறாள் என்று கேட்டுவிட்டார். மக்கீனுக்கு வியர்த்துவிட்டது. ஊழியர் பதிவேட்டில் எழுதினால் பிரஜாவுரிமை இலக்கம் கேட்கும். பார்வையாளர் பதிவேட்டில் எழுதினால் ஐந்து மணிக்கு வெளியே போகவேண்டும். நோயாளர் பதிவேட்டில் எழுத ஒரு நோய் வேண்டும், அவளோ கல்லுப் போல இருந்தாள். கடைசியில் சாமான் பதிவேடுதான் கை கொடுத்தது. சாமான்களிடம் யாரும் பிரஜாவுரிமை கேட்பதில்லை. பொருள் எண் 46, எனாமல் பேசின், ஆறு. பொருள் எண் 47, சுந்தரம்மா, ஒன்று. பொருள் எண் 48, ஈர்க்கு விளக்குமாறு, பன்னிரண்டு. அதிலிருந்து வருஷா வருஷம் சாமான் கணக்கெடுக்க வருகிறவர்கள் பேசினைத் தட்டிப் பார்த்து, சுந்தரம்மாவை ஒரு பார்வை பார்த்து, ‘பாவிக்கக்கூடிய நிலையில் உள்ளது’ என்று இரண்டுக்கும் சரி போட்டுவிட்டுப் போனார்கள்.

இன்னொரு வழக்கமும் அதே வருஷம் உண்டானது. பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிறப்பு அறிக்கை எழுதி மாத்தளைக்கு அனுப்பவேண்டும், அதைக் காட்டித்தான் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ். அதில் ‘பிரசவம் பார்த்தவர்’ என்று ஒரு கட்டம். முதல் பிள்ளைக்குச் சுந்தரம்மா தன் பெயரை எழுதினாள். மாத்தளையில் இருந்த யாரோ ஒரு எழுதுவினைஞர், ‘இப்படி ஒரு மருத்துவிச்சி கிடையாது’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் பிள்ளை நாலு மாதம் பிறக்காமலே இருந்தது. பஞ்ச காலம் வேறு, அரிசிக் கூப்பன் கிடைக்கவில்லை, தாய்க்காரி ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கு மக்கீன் ஒரு யோசனை சொன்னார். அந்தப் பிள்ளைக்கும், அதற்குப் பிறகு பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் கட்டத்தில், டெலிபோன் அறையில் இருந்த சந்திரகாந்தாவின் பெயரைச் சுந்தரம்மா எழுதினாள். ஒவ்வொரு தடவையும் அவள் வயிறு எரிந்தது. பிள்ளையின் கூப்பனை நினைத்து எழுதினாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்தத்தான் ‘சுகாதார ஆளணிப் போக்குகள் பற்றிய தேசிய ஆய்வு’ வந்தது.

பிரதிப் பணிப்பாளர் ஏக்கநாயக்க ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் ஒரு பிரம்பு, படத்தைச் சுட்டிக் காட்டுவதற்கு. பின்னால் மாத்தளை டவுனைச் சேர்ந்த புள்ளிவிபர எழுதுவினைஞர் நோபர்ட், கக்கத்தில் சுருட்டிய வரைபடத்தோடு வந்தார். மக்கீன் பதிவேட்டை விரித்து வைத்தார். நோபர்ட் பெயர்களைக் கூப்பிட்டார், மக்கீன் ஒவ்வொன்றுக்கும் “இணைப்பு” என்றோ “லீவு” என்றோ சொன்னார், நோபர்ட் ஒவ்வொன்றுக்கும் ‘நிரம்பியது’ என்று எழுதினார். பத்துப் பெயருக்கும் இது நடந்தது. பதினோராவது பெயருக்கு மக்கீன் “நான்தான்” என்றபோது ஏக்கநாயக்க சற்றுத் திடுக்கிட்டார்.

“சேர், ஒரு விசயம்,” என்றார் மக்கீன் பயந்து பயந்து. “எல்லாரையும் நிரம்பினதாப் போட்டா, ஆள் இல்லாத விசயம் மேல தெரியாமப் போயிருமே.”

ஏக்கநாயக்க சிரித்தார். அவருக்குக் கோபம் வராது, விளக்கம்தான் வரும். “மக்கீன், வருகிறவனையும் போகிறவனையும் எண்ணுவதற்கு நான் பஸ் கண்டக்டர் இல்லை. பதவிக்கு ஆள் உண்டா என்று பார்ப்பேன். ஆளுக்குப் பதவி உண்டா என்று பார்ப்பேன். இரண்டும் ஒரே ஊரில் இருக்கவேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. காலியான பதவிதான் நாட்டுக்கு அவமானம். காலியான ஆஸ்பத்திரி நிர்வாகப் பிரச்சினை, அது என் பிரிவு அல்ல.”

நோபர்ட் இதைக் குறித்துக்கொண்டார். பெரியவர்கள் பேசுவதைக் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பிரசவ அறையிலிருந்து சுந்தரம்மா ஈரக் கையோடு வெளியே வந்து, “நானா, ஊசி மருந்து ஒன்னு தாங்க, சுருக்கா,” என்று அண்ணன் முறை வைத்து மக்கீனிடம் கேட்டாள். மக்கீன் எடுத்துக் கொடுத்தார். அவள் உள்ளே போனாள். கால் மணி நேரத்தில் ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது, அவள் மறுபடி வெளியே வந்தாள்.

“இது யார்?” என்றார் ஏக்கநாயக்க.

மக்கீன் சாமான் பதிவேட்டை எடுத்து நீட்டினார். “நாப்பத்தேழு, சேர்.”

நோபர்ட் சாமான் பதிவேட்டைப் புரட்டி, பேசினுக்கும் விளக்குமாறுக்கும் நடுவில் அவளைக் கண்டுபிடித்தார். சுந்தரம்மா அந்தப் பக்கத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறாள் என்றில்லை. ஆனால் இன்னொருவர் விரலை வைத்து வாசிப்பதைக் கேட்டபோது அவளுக்குச் சுருக்கென்றது. வாயில் வந்ததை இன்றைக்குக் கேட்டே தீர்வது என்று முடிவு செய்தாள். சிங்களத்தில்தான் கேட்டாள், அவளுக்கு அது நன்றாக வரும். இந்தக் கதையில் எல்லாரும் தமிழில் பேசுவது கதை சொல்கிறவனின் சௌகரியம்.

“மாத்தயா, அந்தப் பதினொன்னுல ஒன்ன எனக்குப் போட்டுத் தரமுடியாதுங்களா? மருத்துவிச்சி வேலைய நான்தான் பாக்குறேன்.”

“அந்தப் பதவியில் வெற்றிடம் இல்லையே.”

“ஆளு இல்லீங்களே.”

“ஆள் இல்லாதது வேறு, வெற்றிடம் இல்லாதது வேறு. சரி, உனக்குப் பிரஜாவுரிமை உண்டா?”

“மனுப் போட்டு இருவது வருசமாச்சுங்க. இந்தியான்னும் சொல்லல, இலங்கைன்னும் சொல்லல.”

“அப்படியானால் நீ எந்த நாட்டிலும் இல்லை. எந்த நாட்டிலும் இல்லாத ஒருவர் இந்த நாட்டில் வேலை கேட்பது முறையா?”

“வேல கேக்கலிங்க மாத்தயா. வேல செஞ்சிக்கிட்டுத்தான் இருக்கேன். பேருதான் கேக்குறேன்.”

ஏக்கநாயக்க இதற்கு ஒரு சுற்றறிக்கை தேடிக் கோப்பைப் புரட்டத் தொடங்கினார். அதற்குள் நோபர்ட் பிறப்பு அறிக்கைப் புத்தகங்களைக் கூட்டி முடித்து, தொண்டையைக் கனைத்தார். பதினொரு வருஷத்தில் ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு பிரசவங்கள். எல்லாவற்றிலும் ஒரே பெயர். அந்த மருத்துவிச்சி ஒரு நாளும் லீவு எடுத்ததில்லை. வெசாக் பெருநாளிலும் பிரசவம் பார்த்திருக்கிறார், தேர்தல் நாளிலும் பார்த்திருக்கிறார், போன வருஷம் ஊரடங்குச் சட்டம் இருந்தபோதும் பார்த்திருக்கிறார்.

ஏக்கநாயக்கவின் முகம் மலர்ந்தது. வரைபடத்தை விரிக்கச் சொன்னார். இலங்கையின் மற்ற ஆஸ்பத்திரிகளெல்லாம் கீழே நெளிந்து கிடக்க, நோபர்ட் போட்ட வல்கந்தையின் சேவைக் கோடு மட்டும் தாளை விட்டு வெளியே போயிற்று. நோபர்ட் அதற்கு மேலே இன்னொரு தாளை ஒட்டினார். டெலிபோன் அறையில் இருந்துகொண்டே ஒரு பெண் எப்படி மலையில் பிள்ளை எடுத்தாள் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவரின் கையில் பிரம்பு இருந்தது.

“இப்படிப்பட்ட மருத்துவிச்சி இருக்கிற இடத்தில் இன்னொரு பெண் எதற்கு? இது மிகை ஆளணி,” என்று அவர் பிரம்பால் சுந்தரம்மாவைச் சுட்டினார். “மன்னிக்க வேண்டும். மிகைச் சாமான்.”

மூன்று கிழமையில் இரண்டு கடிதம் வந்தது. முதலாவது, நூற்றுக்கு நூறு ஆளணிக்காக வல்கந்தைக்கும், ஓய்வறியாச் சேவைக்காக மருத்துவிச்சி சந்திரகாந்தாவுக்கும் நவம்பர் இருபதாம் திகதி கேடயம் வழங்கப்படும் என்றது. இரண்டாவது, பொருள் எண் 47 பதினொரு வருஷம் பழையது, சேவைக்கு மிகையானது, ஆகவே ஒக்டோபர் முப்பத்தோராம் திகதிக்கு முன் அகற்றிவிட்டு அறிக்கை அனுப்புக என்றது. அகற்றும் முறை: ஏலத்தில் விற்றல், எரித்தல், புதைத்தல். பொருந்தாததை வெட்டிவிடவும்.

மக்கீன் அந்தக் கடிதத்தைச் சுந்தரம்மாவிடம் காட்ட இரண்டு நாள் எடுத்தார். காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“எங்கிட்ட என்னத்தச் சொல்லச் சொல்றீங்க தங்கச்சி. இன்னும் ரெண்டு வருசத்தில எனக்குப் பென்சன். எதையாச்சும் வெட்டித்தான் அனுப்பணும்.”

சுந்தரம்மா வாசித்தாள். வாசிக்க வாசிக்க அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு நாளும் எந்தப் பதிவேட்டிலாவது ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று நினைத்தாள்.

“எரிக்கிறத போன வருசமே பாத்தாச்சு, அத வெட்டிருங்க,” என்றாள். “பொதைக்கிறதும் வேணாம், எடமில்ல. ஏலத்துல போடுங்க நானா. யாரு எடுக்க வாறாங்கன்னு நானும் பாக்குறேன்.”

மக்கீன் மூன்றையும் வெட்டி அனுப்பினார். அவர் வாழ்க்கையில் செய்த முதல் வீரச் செயல் அது. செய்துவிட்டு வீட்டுக்குப் போய்க் காய்ச்சலில் படுத்தார்.

நவம்பர் முதலாம் திகதி காலை ஆறு மணிக்குச் சுந்தரம்மா வழக்கம் போல வந்து பிரசவ அறையைக் கழுவினாள். கடிதத்தின்படி 47ஆம் வரி வெட்டப்பட்டுவிட்டதால் இப்போது அவள் சாமான் பதிவேட்டிலும் இல்லை. இல்லாத ஆளை வெளியே போகச் சொல்ல வேண்டுமானால் காவலாளி வேண்டும், அவன் கொழும்பில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தான். பொலிசுக்கு எழுத எழுதுவினைஞர் வேண்டும், அவர் வெங்காயத்தில் இருந்தார். அரசாங்கம் அவளை வெளியேற்ற முழு அதிகாரத்தோடு இருந்தது, கை கால்தான் இல்லை. அந்த மாதம் முதல் பத்தொன்பது நாளில் ஏழு பிள்ளைகள் பிறந்தன.

இருபதாம் திகதி விழா. வளவில் பந்தல் போட்டார்கள். ஒலிபெருக்கிக்குக் கரண்ட் போதவில்லை என்று பிரசவ அறை வயரைக் கழற்றி அதில் கொடுத்தார்கள். ‘வருக வருக’ என்று மூன்று மொழியில் எழுதிய சீலையைக் கட்ட நல்ல இடம் கிடைக்காமல் பிரசவ அறை ஜன்னலை மூடிக் கட்டினார்கள். அந்த இருட்டறைக்குள் ஏலக்காய்த் தோட்டத்து வேலம்மா விடிகாலையிலிருந்து நோவோடு கிடந்தாள். அவளுக்கு இது தலைப் பிள்ளை.

லயத்துப் பெண்களும் கீழ்க் கிராமத்துப் பெண்களும் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வளவு நிறைய நின்றார்கள். ஏக்கநாயக்க ஜீப்பிலிருந்து இறங்கினார். அவரோடு புத்தம் புது வெள்ளைச் சீருடையில் ஒரு பெண் இறங்கினாள். கசங்காத சீருடை. அவள் சுற்றும் முற்றும் பார்த்த பார்வையிலேயே, கட்டடம் எது மலை எது என்று அவளுக்கு மறந்துவிட்டது தெரிந்தது. அதுதான் சந்திரகாந்தா.

ஏக்கநாயக்க பேசத் தொடங்கினார். “எங்கே தேவை இருக்கிறதோ அங்கே ஆள் அனுப்புவது பழைய முறை. எங்கே ஆள் இருக்கிறாரோ அங்கே தேவையைக் காட்டுவது புதிய முறை. வல்கந்தை நமக்குக் கற்றுத் தருவது என்ன? ஊழியர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாரோ அவ்வளவுக்கு அவருடைய சேவை உயர்கிறது. இந்தப் போக்கு நீடித்தால் இரண்டாயிரமாம் ஆண்டில் ஒரு ஊழியரும் இல்லாமலே நூற்றுக்கு இருநூறு சேவையை நாம் எட்டிவிடலாம்.” நோபர்ட் கை தட்டினார். மக்கீனும் தட்டினார், ஆனால் அவர் காது பிரசவ அறைப் பக்கம் இருந்தது.

சுந்தரம்மா அறை வாசலில் வந்து நின்றாள். “உள்ள ஒன்னும் தெரியலிங்க. யாராச்சும் ஒருத்தர் வந்து டோர்ச் புடிங்க.”

எல்லாரும் சந்திரகாந்தாவைப் பார்த்தார்கள். இலங்கையின் தலைசிறந்த மருத்துவிச்சி எழுந்து போவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. உள்ளே போனதும் கதவில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“அக்கா, எனக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது. பதினொரு வருஷமாக டெலிபோன்தான் எடுத்தேன்.”

“மறந்தாப் பரவால்ல மிஸ்ஸி. கை ஆடாமப் புடிங்க, அது போதும்.”

சந்திரகாந்தா பிடித்தாள். பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. சுந்தரம்மா விரலை விட்டு அதைத் தளர்த்தி எடுத்தபோது டோர்ச் வெளிச்சம் ஒரு தடவை நடுங்கி, பிறகு நடுங்கவில்லை. பிள்ளை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. சுந்தரம்மா உள்ளங்காலில் தட்டினாள். அது வீரிட்டது. அந்தச் சத்தம் ஒலிபெருக்கியையும் தாண்டி வளவெல்லாம் கேட்டது.

“ஆயிரத்து நானூற்று...” என்று ஏக்கநாயக்க நோபர்ட்டைப் பார்த்தார்.

“இருபது, சேர்.”

“ஆயிரத்து நானூற்று இருபதாவது பிள்ளை! அதுவும் நம் கண் முன்னால்! மருத்துவிச்சி சந்திரகாந்தாவுக்குக் கை தட்டுங்கள்.”

சந்திரகாந்தா வெளியே வந்தாள். சீருடையில் இரத்தம் தெறித்திருந்தது. போட்டோக்காரர் ஓடி வந்தார். அவள் மைக்கைப் பார்த்தாள், கேடயத்தைப் பார்த்தாள்.

“நான் டோர்ச் பிடித்தேன், சேர்,” என்றாள். “பிள்ளை எடுத்தது அந்த அக்கா. இதுவரை பிறந்ததையெல்லாம் எடுத்ததும் அந்த அக்கா. நான் இங்கே இருந்ததே பதினொரு நாள்தான்.”

உள்ளே சுந்தரம்மா பிறப்பு அறிக்கைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வேலம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வழக்கமான பெயரை எழுதக் கை போகவில்லை.

“வேலம்மா, ஒங்கிட்ட கேக்காம எழுத மாட்டேன். எம் பேர எழுதுனா மாத்தளையில இருந்து திருப்பி அனுப்புவாங்க. ஒம் புள்ளைக்கிக் கடுதாசி வர நாளாகும். வராமயும் போகலாம். மிஸ்ஸி பேர எழுதுனா ஒடனே வரும். நீதான் சொல்லணும்.”

வேலம்மா பிள்ளையை மார்பில் போட்டபடி கிடந்தாள். “கொடி சுத்தியிருந்தத எடுத்தது யாருக்கா?”

“நான்தான்.”

“அப்ப அதையே எழுதுங்க. எம் புள்ள பொறந்ததே பொய்யின்னு எழுதிக்கிட்டு ஆரம்பிக்கணுமா? திருப்பி அனுப்புனா நான் நடந்தே மாத்தளைக்கிப் போய்க் கேக்குறேன்.”

சுந்தரம்மா எழுதினாள். மூன்று பிரதியிலும் பதியும்படி அழுத்தி எழுதினாள்.

ஏக்கநாயக்க வாசலுக்கு வந்து புத்தகத்தை எட்டிப் பார்த்தார். அவருக்கு அன்றைக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. “இதை வெட்டு. சந்திரகாந்தா கையெழுத்துப் போடட்டும்.”

“நான் போடமாட்டேன், சேர்,” என்றாள் பின்னால் நின்ற சந்திரகாந்தா.

“இவள் எங்கள் ஊழியரும் இல்லை, எங்கள் சாமானும் இல்லை. இப்படி ஒரு ஆள் இங்கே இல்லை. இல்லாத ஆள் பார்த்த பிரசவம் நடக்கவேயில்லை. இந்தப் பிள்ளை பிறக்கவில்லை.”

“பொறந்திருச்சுங்க,” என்றாள் சுந்தரம்மா. “கத்துறது மாத்தயாவுக்குக் கேக்கலியா?”

வளவில் நின்ற பெண்கள் யாரும் கத்தவில்லை. கீழ்க் கிராமத்துப் பெண் ஒருத்தி, இடுப்பில் இருந்த ஒன்றரை வயதுப் பிள்ளையோடு நோபர்ட்டிடம் வந்து, இதன் கடுதாசியிலும் பெயர் பிழையாக இருக்கிறது, திருத்தித் தாருங்கள் என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். அவளுக்குப் பின்னால் லயத்துப் பெண்கள் வந்தார்கள். நோபர்ட் ஏக்கநாயக்கவைப் பார்த்தார், ஏக்கநாயக்க ஜீப்பைப் பார்த்தார். கேடயத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அதையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒலிபெருக்கி வயரைக் கழற்றி மக்கீன் தானே பிரசவ அறையில் மாட்டினார்.

வேலம்மாவின் பிள்ளைக்கு எழுதிய அறிக்கை, எதிர்பார்த்தது போலவே, டிசம்பரில் திரும்பி வந்தது. மக்கீன் அதை மறுபடி அனுப்பினார். அதோடு அதன் பிறகு பிறந்த பதினொரு பிள்ளைகளின் அறிக்கைகளும் போயின, எல்லாவற்றிலும் சுந்தரம்மாவின் பெயர். ஒவ்வொரு தாயிடமும் அவள் கேட்டுத்தான் எழுதினாள், ஒருத்தியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை திரும்பி வந்தன. ஜனவரியில் இருபத்துநாலாகப் போயின. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் மாத்தளைக்கு பஸ் ஏறிப் போய், மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரி வராந்தாவில் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், முதல் பஸ்ஸில் வேலம்மா இருந்தாள். மூன்றாம் நாள், பிள்ளைகள் அழுகிற சத்தத்தில் வேலை செய்ய முடியவில்லை என்று யாரோ ஒரு பெரியவர் இருபத்துநாலிலும் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். பெயரை வாசித்தாரா என்பது தெரியாது.

கொழும்பில் வரைபடம் விழுந்தது. தாளை விட்டு வெளியே போயிருந்த வல்கந்தைக் கோடு நேரே கீழே வந்து பூச்சியத்தில் படுத்தது. மருத்துவிச்சி சந்திரகாந்தாவின் சேவை திடீரென்று நின்றுபோனதற்குக் காரணம் கேட்டு அவளுக்குக் கடிதம் போயிற்று. அவள் டெலிபோனை வைத்துவிட்டு, இணைப்பை ரத்துச் செய்து தன்னை வல்கந்தைக்கே அனுப்பும்படி எழுதிக் கொடுத்தாள். இப்படி ஒரு மனு திணைக்களத்தின் சரித்திரத்தில் வந்ததில்லை. ஆகவே அதை ஆராய ஒரு குழு போட்டார்கள். வல்கந்தை டாக்டர் அதிலும் உறுப்பினரானார்.

மார்ச் மாதம் ஒரு நாள் தபாற்காரர் ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து மக்கீனிடம் கொடுத்தார். அவர் விலாசத்தை வாசித்துவிட்டுப் பிரசவ அறை வாசல்வரை வந்து, உள்ளே போகாமல் நின்றார்.

“தங்கச்சி, ஒங்களுக்குத்தான்.”

சுந்தரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அரசாங்க இலச்சினை போட்ட உறை. ‘திருமதி சுந்தரம்மா, மகப்பேற்று விடுதி, வல்கந்தை’ என்று தட்டச்சு செய்திருந்தது. உள்ளே ஏக்கநாயக்கவின் கையெழுத்தோடு ஒரு பக்கம். தாங்கள் எந்த அதிகாரத்தின் பேரில் மேற்படி நிலையத்தில் பிரசவம் பார்த்து வருகிறீர்கள் என்பதற்குப் பதினான்கு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும், தவறினால் தங்கள்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.

மக்கீனின் முகம் வெளுத்திருந்தது. “ஒழுங்கு நடவடிக்கைன்னு போட்டிருக்கான். என்ன செய்யப் போறீங்க?”

சுந்தரம்மா இன்னொரு தடவை விலாசத்தை வாசித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பதினெட்டு வருஷமாக இந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறாள், ஊழியர்மேல் எடுப்பது போல நடவடிக்கை எடுப்பேன் என்று இன்றைக்குத்தான் ஒருவர் அவளை மிரட்டியிருக்கிறார். வேலையே இல்லாதவளை யாரும் அப்படி மிரட்ட மாட்டார்கள்.

உள்ளே ஒரு பெண் முனகினாள். சுந்தரம்மா மக்கீனின் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, கடிதத்தின் அடியிலேயே எழுதினாள்.

‘கடிதம் கிடைத்தது. இப்போது பிரசவம் ஒன்று இருக்கிறது. முடித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன். சுந்தரம்மா, மருத்துவிச்சி.’

அதை மக்கீனிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.